உயிர்காலேஜ் இருந்த இடம்: பீப்பிள்ஸ் பார்க், அதன் மிருகக்காட்சிசாலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மெட்ராஸைச் சுற்றிக் காட்ட நண்பர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் சென்ட்ரல் பக்கம் வந்ததும் ஒரே மாதிரியான கேள்விகள் வரும். "இங்கயா ஜூ இருந்துச்சு?" என்று ஆரம்பித்து, மூர் மார்க்கெட் தீ வரைக்கும் போகும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

உயிர்காலேஜ், செத்த காலேஜ்னு எங்க பாட்டி சொல்வாங்க. அப்படின்னா என்ன?

மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர்கள் இவை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகள், எலும்புக்கூடுகள், கண்ணாடிச் சீசாவில் பாம்புகள் இருந்தன. அதனால் அது செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் உயிருள்ள மிருகங்கள் இருந்தன. அதனால் அது உயிர்காலேஜ். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ஒரே நாளில் இரண்டுக்கும் கூட்டிப்போவது நகரத்தில் பல குடும்பங்களின் வழக்கம்.

"காலேஜ்" எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் இதுதான்: 1851-ல் அருங்காட்சியகம் தொடங்கியது நுங்கம்பாக்கம் பக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். 1854-ல் அது எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்குப் போய்விட்டது. ஜனங்கள் வாயில் ஏறிய காலேஜ் மட்டும் இறங்கவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல நிஜமாவே புலி, சிங்கம் எல்லாம் இருந்துச்சா? சரியா எந்த இடம்?

இருந்தன. 1861-லிருந்து 1985 வரைக்கும், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டு. இப்போதைய ரிப்பன் மாளிகை, மூர் மார்க்கெட் வளாகம் என்று சொல்லப்படும் புறநகர் ரயில் முனையம், நேரு ஸ்டேடியம் எல்லாம் இருக்கும் பரப்பை மொத்தமாகக் கண்முன் கொண்டு வாருங்கள். அங்கே பரந்து கிடந்த 116 ஏக்கர் பூங்காதான் பீப்பிள்ஸ் பார்க். அதன் ஒரு ஓரத்தில் மிருகக்காட்சிசாலை.

ரொம்பப் பேர் ஜூவையும் பார்க்கையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. பூங்கா பெரியது, அதற்குள் ஜூ ஒரு பகுதி. குளங்கள், வளைந்து வளைந்து போகும் பாதைகள், பேண்ட் வாசிக்கும் மேடை எல்லாம் பூங்காவைச் சேர்ந்தவை. பின்னால் வரும் பதில்கள் புரிய இந்த வேறுபாடு மனதில் இருக்கட்டும்.

யார் ஆரம்பிச்சது?

எட்வர்ட் கிரீன் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ மருத்துவராக 1834-ல் இந்தியா வந்தவர், அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர். அவர் பொறுப்பில் இருந்தபோது ஒரு சிறுத்தையும் ஒரு புலியும் உயிரோடு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கல்லையும் எலும்பையும் பார்க்க வந்த கூட்டத்தைவிட இந்த இரண்டையும் பார்க்க வந்த கூட்டம் பெரிதாக இருந்தது. பால்ஃபர் அதைக் கவனித்தார். வேறொருவராக இருந்தால் இரைச்சல் தாங்கவில்லை என்று மிருகங்களை அனுப்பியிருப்பார். இவர் இன்னும் மிருகங்கள் வேண்டும் என்று முடிவெடுத்தார். 1855-ல் பாந்தியன் வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை தொடங்கியது. ஒரு வருடத்தில் அங்கே பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என்று 300-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

பால்ஃபரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் சென்னை அவரை மறந்தே போய்விட்டது. மரங்களுக்கும் மழைக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1840-களிலேயே எழுதியவர். இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தனி மனிதராகத் தொகுத்தவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1875-ல் பெண்கள் சேர்ந்து படிக்க முடிந்ததற்கு, சர்ஜன் ஜெனரலாக இருந்த இவருடைய ஆதரவு பெரிய காரணம்.

ஆற்காடு நவாப் தன்னோட மிருகங்களை எல்லாம் கொடுத்துட்டாராமே? ஏன்?

ஆமாம், நவாப் குலாம் முகமது கௌஸ் கான். சேப்பாக்கம் அரண்மனையில் அவருக்குச் சொந்தமாக ஒரு மிருகத் தொகுப்பு இருந்தது. அதை முழுசாகக் கொடுக்கும்படி பால்ஃபர் கேட்டார், நவாப் கொடுத்தார். பால்ஃபர் சும்மா போய்க் கேட்கவில்லை. சேப்பாக்கத்தில் அரசாங்கத்தின் பிரதிநிதியாகவும் ஆற்காடு நவாப் குடும்பத்து உதவித்தொகைகளை வழங்கும் அதிகாரியாகவும் இருந்தவர் அவர். அரண்மனையோடு நல்ல பழக்கம் இருந்தது. திருவல்லிக்கேணியில் முஸ்லிம்களுக்கான பொது நூலகம் தொடங்கப்பட்டதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

நவாப் பாரசீகத்தில் கவிதை எழுதியவர். 1855 அக்டோபரில், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்ற காரணத்தைக் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்தது. சேப்பாக்கம் அரண்மனையும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அரண்மனையை இழந்தது அந்தக் குடும்பம். அவர் கொடுத்த மிருகங்களோ ஊர் ஜனங்களின் சொத்தாக இருந்தன. இந்த இடத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கொஞ்சம் கனத்துப்போகும்.

எழும்பூர்ல நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் பார்க்குக்கு மாத்துனாங்க?

அருங்காட்சியக வளாகத்தில் 300 உயிர்களை வைத்துத் தீனி போட்டுப் பராமரிப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். இடமும் போதாது, அது அருங்காட்சியகத்தின் வேலையும் இல்லை. 1861-ல் பொறுப்பு நகராட்சிக்கு மாறியது. நகராட்சி கையில் அப்போதுதான் புத்தம் புதிதாக ஒரு பெரிய பூங்கா இருந்தது. மிருகங்கள் அங்கே போயின.

பீப்பிள்ஸ் பார்க் யாரோட ஐடியா? பேரே வித்தியாசமா இருக்கே.

கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன். 1859 மார்ச்சில் மெட்ராஸ் வந்தார், 1860-லேயே திருப்பி அழைக்கப்பட்டார். கல்கத்தா அரசாங்கம் கொண்டுவந்த வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்து, தன் ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார் என்பது காரணம். ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருந்தவர் விட்டுப்போனது இந்தப் பூங்கா.

அன்றைய கருப்பர் நகரம், இப்போதைய ஜார்ஜ் டவுன், மூச்சு முட்டும் நெருக்கடியில் இருந்தது. காற்றாட நடக்க, குழந்தைகள் ஓட ஓர் இடம் கிடையாது. ஊரின் பெரிய தோட்டங்கள் எல்லாம் மவுண்ட் ரோடு, அடையாறு, நுங்கம்பாக்கம் பக்கத்துத் தோட்ட வீடுகளின் மதிலுக்குள் இருந்தன. கருப்பர் நகரத்துக்கு மேற்கே இருந்த வெற்று நிலத்தை ஜனங்களுக்கான பூங்காவாக ஆக்கினார்கள். மக்கள் பூங்கா என்ற பெயரின் பொருள் இதுதான். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி என்ற கெட்ட பெயர் இதே டிரெவெல்யனுக்கு உண்டு. அது நியாயமான பழிதான். மெட்ராஸில் அவர் செய்த இந்த ஒரு காரியம் நல்ல காரியம் என்பதையும் மறுக்க முடியாது.

அது பொட்டானிக்கல் கார்டனா? சில பேர் அப்படிச் சொல்றாங்க.

உலாவ, உட்கார, வேடிக்கை பார்க்க அமைத்த பூங்கா அது. செடிகளை வகைப்படுத்தி, பெயர்ப்பலகை வைத்து, விதை சேகரித்து ஆராயும் தாவரவியல் தோட்டம் வேறு. மெட்ராஸில் அந்த வேலையைச் செய்தது வேளாண் தோட்டக்கலைச் சங்கம். 1835-ல் தொடங்கியது. தென்னிந்தியத் தாவரங்களை வரைந்து பதிப்பித்த ராபர்ட் வைட் அதன் ஆரம்ப காலத்தில் முக்கியமானவர். கதீட்ரல் சாலையில் அதற்குத் தோட்டம் இருந்தது.

அந்தத் தோட்டமும் முழுசாகப் பிழைக்கவில்லை. அதன் ஒரு பகுதியில்தான் 1962-லிருந்து 2008 வரை டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஹோட்டல் நடந்தது. அங்கே காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள். 2010-லிருந்து அந்த இடம் செம்மொழிப் பூங்கா. தோட்டம் ஹோட்டலாகி மறுபடி தோட்டமானது என்ற அளவில் எனக்கு அது ஆறுதல். பீப்பிள்ஸ் பார்க்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டிக்கெட் எவ்வளவு இருந்துச்சு அப்போ?

நகராட்சி நடத்திய மிருகக்காட்சிசாலைக்கு அனுமதி இலவசம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டன் ஜூ 1828-ல் தொடங்கியபோது விலங்கியல் சங்கத்து உறுப்பினர்களுக்கும் அவர்கள் விருந்தினருக்கும்தான் கதவு திறந்தது. பொதுமக்கள் காசு கொடுத்து நுழைவதற்கே 1847 ஆகிவிட்டது. இங்கே மூட்டை தூக்குபவரும் வக்கீலும் ஒரே கூண்டின் முன் நின்று ஒரே புலியைப் பார்த்தார்கள்.

லண்டனில் இன்னொரு தோட்டமும் இருந்தது. 1831-ல் வால்வொர்த்தில் தொடங்கிய சர்ரே விலங்கியல் தோட்டம். தனியார் நடத்தியது, டிக்கெட் வருமானத்தில் வாழ்ந்தது. வருமானம் படுத்ததும் 1856-ல் மிருகங்களை விற்றுவிட்டு அங்கே இசை மண்டபம் கட்டினார்கள். மெட்ராஸ் ஜூ பிறந்த சமயத்தில் அது மறைந்தது. நகராட்சியின் பணத்தில் நடந்ததால்தான் நம்முடையது அத்தனை காலம் தாங்கியது என்று நினைக்கிறேன்.

இந்தியாவோட முதல் ஜூ இதுதானா?

"பொதுமக்களுக்கான" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டால் அப்படிச் சொல்லலாம், பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் தப்பாகிவிடும். கல்கத்தா பக்கம் பாரக்பூரில் வெல்லெஸ்லி பிரபு 1800-களின் தொடக்கத்திலேயே மிருகங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அது கவர்னர் ஜெனரலின் மாளிகைத் தோட்டம். அரசர்களிடமும் நவாபுகளிடமும் இருந்த தொகுப்புகளும் அப்படியே.

திருவனந்தபுரம் ஜூ மெட்ராஸுக்குச் சில ஆண்டுகள் பின்னால், 1850-களின் கடைசியில் வந்தது. கல்கத்தாவின் அலிப்பூர் 1876-ல். அலிப்பூர்தான் முதல் என்று யாராவது சொன்னால் இந்த வருடங்களைச் சொல்லுங்கள்.

ஒரு இடத்துல 1854, இன்னொரு இடத்துல 1855, வேற இடத்துல 1861. எது சரி?

மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. மிருகங்கள் வரத்தொடங்கி யோசனை பிறந்தது 1854-ஐ ஒட்டி. பாந்தியனில் மிருகக்காட்சிசாலையாகத் திறந்தது 1855. நகராட்சிக்கு மாறிப் பூங்காவுக்கு வந்தது 1861. பிறந்த வருடம் எது என்று ஒன்றே ஒன்றைக் கேட்டால் நான் 1855 என்பேன்.

பார்க்ல பெரிய தீ விபத்து நடந்துச்சாமே, அது மூர் மார்க்கெட் தீ தானே?

இல்லை. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு வருடம் இருக்கிறது. பூங்காவில் ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் பார்க் ஃபேர் என்ற பொருட்காட்சி நடக்கும். புது வருடத்தை ஒட்டி ஊரே அங்கே கூடும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தப் பொருட்காட்சியில் தீப்பிடித்தது. நெருப்பும் நெரிசலும் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் நிறைய. இந்த நகரத்தின் மிகப் பெரிய துயரங்களில் ஒன்று. இன்று அந்தப் பக்கம் நடப்பவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா என்பது சந்தேகம். மூர் மார்க்கெட் தீ 1985-ல் நடந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

116 ஏக்கர் பார்க் எப்படிங்க காணாமப் போகும்? யாராவது ஆக்கிரமிச்சாங்களா?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். யாரும் இரவோடு இரவாக வேலி போட்டு எடுக்கவில்லை. நல்ல காரியத்துக்கு என்று சொல்லிச் சொல்லித் துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். 1880-களில் விக்டோரியா பொது மண்டபம். ஊருக்கு ஒரு பெரிய அரங்கம் வேண்டும், ராணியின் பொன்விழாவும் வருகிறது என்று பூங்கா நிலத்தில் இடம் கொடுத்தார்கள். சிஸம் வடிவமைத்த அழகான சிவப்புக் கட்டடம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட இடம். அதை யார் வேண்டாம் என்பார்கள்?

அடுத்தது மூர் மார்க்கெட். பிராட்வேயில் இருந்த பழைய சந்தை நாறிக் கிடந்தது. நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் முன்னின்று 1898-ல் வேலை தொடங்கி, 1900-ல் புதுச் சந்தை திறந்தது. அதுவும் பூங்கா நிலம். அப்புறம் நகராட்சிக்கே அலுவலகம் வேண்டுமே: 1909-ல் அடிக்கல் நாட்டி 1913-ல் திறந்த வெள்ளை நிற ரிப்பன் மாளிகை. லோகநாத முதலியார் கட்டியது. அதற்கும் அப்புறம் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஊருக்குத் தேவையானது, பெரும்பாலும் அழகானதும்கூட. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பூங்கா இல்லை.

ஆக்கிரமிப்பு என்றால் ஒருவரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே பூங்காவைக் காக்க வேண்டிய நகராட்சியே, காலி இடம் என்றால் கட்டடம் வரக் காத்திருக்கும் இடம் என்று நினைத்தது. மரமும் குளமும் நடைபாதையும் ஏற்கனவே ஒரு பயன்பாடுதான், அது காலி இல்லை என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை. இன்றும் ஏரியைப் பார்த்தால் சிலருக்கு பஸ் ஸ்டாண்டு தெரிகிறது. அதனால்தான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரு ஸ்டேடியமும் பார்க் இடமா? அங்க டெஸ்ட் மேட்ச் எல்லாம் நடந்திருக்கே.

ஆமாம், பூங்கா நிலம்தான். முதலில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. 1993-ல் பழைய ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள்.

மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ ஜூவுல இருந்த மிருகங்களும் செத்துப்போச்சுன்னு எங்க மாமா சொல்றாரு. உண்மையா?

இல்லை. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தேதிகளைப் பார்த்தால் புரியும். மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே 30. வண்டலூரில் புதிய பூங்காவை முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தது 1985 ஜூலை 24. நடுவில் 55 நாள். கோடை விடுமுறைக்கு வந்து சந்தையையும் ஜூவையும் பார்த்துப் போன ஒரு குழந்தை, அடுத்த வருடம் வந்தபோது இரண்டும் இல்லை. ஒன்று எரிந்துவிட்டது என்று தெரியும், இன்னொன்றும் அதோடு போயிற்று என்று மனசு சேர்த்துக்கொள்ளும். உங்கள் மாமா மேல் தப்பில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மூர் மார்க்கெட்டிலேயே கிளி, புறா, முயல், நாய்க்குட்டி விற்கும் கடைகள் இருந்தன. "மூர் மார்க்கெட்டில் மிருகங்கள்" என்ற நினைவு அங்கிருந்தும் வந்திருக்கும்.

வேணும்னே கொளுத்தினாங்கன்னு சொல்றாங்களே?

சந்தேகம் ஏன் பிறந்தது என்று சொல்கிறேன். சென்ட்ரலை விரிவாக்க ரயில்வேக்கு இடம் தேவைப்பட்டது, வியாபாரிகள் அங்கிருந்து போக மறுத்தார்கள், அப்புறம் தீ வந்தது, அப்புறம் அதே இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. இந்த வரிசையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் முகம் சுளிப்பார்கள். ஆனால் வரிசை என்பது சாட்சி ஆகாது. யாரையும் குற்றவாளி என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லாதபோது எழுத மாட்டேன்.

போனது என்ன என்பதை மட்டும் சொல்கிறேன். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பழம்பொருள் என்று கிடைக்காதது எதுவும் இல்லாத ஒரு செங்கல் சந்தை. பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிப் படித்து ஆளானவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்!

ஜூவை ஏன் வண்டலூருக்குக் கொண்டு போனாங்க? மூர் மார்க்கெட் இடத்துக்காகவா?

சந்தை எரிவதற்கு வெகு முன்பே அந்த முடிவு எடுத்தாயிற்று. 1970-களின் நடுவில் மிருகக்காட்சிசாலைக்கு ஒரு அடிகூட நகர இடமில்லை. சுற்றிலும் வாகன இரைச்சல், புகை, ஏறிக்கொண்டே போகும் கூட்டம், பக்கத்தில் விரிந்துகொண்டே வரும் ரயில் நிலையம். 1976-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1979-ல் வேலை தொடங்கியது. ரயில்வேயின் தேவை ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல.

ஒரு கணக்கு: வண்டலூருக்கு முதலில் ஒதுக்கிய இடமே மொத்த பீப்பிள்ஸ் பார்க்கைப் போல ஏறக்குறைய 11 மடங்கு. பழைய ஜூ அந்தப் பார்க்கின் ஒரு மூலைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ மாத்துனது நல்லதுதானே? நீங்க ஏன் வருத்தப்படுறீங்க?

மிருகங்களுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. பழைய முறை கம்பிக் கூண்டு முறை. சிமென்ட் தரையில் இரண்டு எட்டு வைத்தால் சுவர் வரும், திரும்பி இரண்டு எட்டு. வண்டலூரில் கம்பிக்குப் பதில் அகழி வெட்டி, உள்ளே மரம் மட்டையோடு விட்டிருக்கிறார்கள். புலிக்கு ஓட்டு இருந்தால் அது வண்டலூருக்குத்தான் போடும்.

என் வருத்தம் ஜூ போனதில் இல்லை. ஜூ போன இடம் பூங்காவாகத் திரும்பி வராததில்தான். நடுநகரத்தில், ரயிலை விட்டு இறங்கினால் கால் வைக்கும் தூரத்தில், காசு கேட்காத ஒரு பச்சை வெளி ஜார்ஜ் டவுன் ஜனங்களுக்கு என்று கொடுக்கப்பட்டது. ஜார்ஜ் டவுனின் நெருக்கடி அன்றைவிட இன்று குறையவில்லை. வண்டலூருக்குப் போக ஒரு நாள் வேண்டும். பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சாயங்காலம் வேலை முடிந்து போகலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகாது.

இப்போ அங்க போனா பழைய பார்க்கோட அடையாளம் ஏதாவது பார்க்க முடியுமா?

முதலில் பெயர்களைப் பாருங்கள், அவைதான் நன்றாகப் பிழைத்திருக்கின்றன. பார்க் ஸ்டேஷன், பார்க் டவுன் ஸ்டேஷன், சென்னை 600003 பார்க் டவுன். எந்தப் பார்க் என்று யாரும் கேட்பதில்லை, இதுதான் அந்தப் பார்க். அடுத்தது அல்லிக்குளம். எரிந்த சந்தையின் வியாபாரிகளுக்கு இடம் கொடுத்த வணிக வளாகத்தை அல்லிக்குளம் என்பார்கள், அங்கே இருந்த நீதிமன்றங்களை அல்லிக்குளம் கோர்ட் என்பார்கள். தண்ணீர் எங்கே என்று தேட வேண்டாம். பூங்காவின் குளங்களில் ஒன்று அது. தூர்த்துவிட்டுத்தான் கட்டினார்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் விக்டோரியா மண்டபம், ரிப்பன் மாளிகை இரண்டும் நிற்கின்றன. புறநகர் முனையத்தின் முன்னால் மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்று இருக்கிறது. அவசரத்தில் கடந்துபோகாமல் நின்று பாருங்கள். பூங்காவாகவே மிஞ்சியிருக்கும் துண்டு, ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் இருக்கும் மை லேடீஸ் பூங்கா. எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஒரு மாலையில் அங்கே உட்கார்ந்தால் 116 ஏக்கரும் இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியும்.

பசங்களைக் கூட்டிட்டு ஒரே நாள்ல இந்தக் கதை முழுக்கக் காட்ட முடியுமா?

தாராளமாக. இந்த ஜூ வாழ்ந்த மூன்று இடமும் ஒரே மின்சார ரயில் பாதையில் இருக்கின்றன. பிறந்த இடம் எழும்பூர், வளர்ந்த இடம் அடுத்த ஸ்டேஷனான பார்க், இப்போது இருப்பது அதே பாதையில் தெற்கே வண்டலூர். காலையில் பார்க்கில் இறங்கி ரிப்பன் மாளிகை, அல்லிக்குளம், மை லேடீஸ் பூங்கா என்று ஒரு சுற்று. அப்புறம் எழும்பூரில் இறங்கி அருங்காட்சியகம். அங்கே பாந்தியன் வளாகத்தில் நிற்கும்போது முதல் புலியையும் சிறுத்தையையும் பற்றி மேலே சொன்னதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிற்பகலில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் வண்டலூர்.

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை. இந்த இரண்டு நாளையும் தவிருங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டலூரில் நடை அதிகம்.